போயிங் 737 சிமுலேட்டர் தேர்வு: பிட்ச், பவர் எண்களைக் கைக்குப் பழக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

வேலைக்கான சிமுலேட்டர் தேர்வுக்குத் தயாராகும் இளம் விமானிகளோடு உட்காரும்போது திரும்பத் திரும்ப ஒரே காட்சியைப் பார்க்கிறேன். வேகம் 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) குறைகிறது. த்ரஸ்ட் லீவரை (என்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) நன்றாக முன்னே தள்ளுகிறார். என்ஜின்கள் இறக்கைக்குக் கீழே தொங்குவதால் பவர் கூடியதும் மூக்கு எழும்புகிறது, உயரம் 150 அடி ஏறிவிடுகிறது. யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுக் கைப்பிடி) முன்னால் அழுத்துகிறார். இப்போது வேகம் 15 நாட் அதிகம். லீவர் பின்னால் வருகிறது, மூக்கு தொங்குகிறது, உயரம் இறங்குகிறது. இந்த ஊஞ்சல் ஐஎல்எஸ் (ரேடியோ வழிகாட்டலைப் பின்பற்றி ஓடுபாதைக்கு இறங்குவது) முடியும்வரை நிற்பதில்லை.

இவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. எந்த நிலையில் எந்தப் பிட்ச் (மூக்கின் கோணம்), எந்தப் பவர் வைத்தால் விமானம் தானாக அந்த வேகத்தில் நிற்கும் என்பது முன்கூட்டியே தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்திருந்தால் அதை வைத்துவிட்டு, டிரிம் செய்துவிட்டு (யோக்கை அழுத்திப் பிடிக்காமலே மூக்கு நிற்கும்படி அமைத்துவிட்டு), மூளையைத் தேர்வாளர் கேட்கும் மற்ற விஷயங்களுக்குக் கொடுக்கலாம். தெரியாவிட்டால் முழு மூளையும் வேகமானிக்கும் உயரமானிக்கும் போய்விடும்.

இந்த வழிகாட்டி முழுவதும் 737-800-ஐ வைத்து எழுதியது. எடை சுமார் 60 டன், உயரம் 10,000 அடிக்குள். ஆட்டோபைலட், ஆட்டோத்ராட்டில் (பவரைத் தானாகக் கவனிப்பது), ஃபிளைட் டைரக்டர் (எப்படி ஓட்ட வேண்டும் என்று திரையில் காட்டும் வழிகாட்டிக் கோடுகள்) மூன்றும் அணைக்கப்பட்டு, வெறும் கருவிகளை வைத்து ஓட்டுவதுதான் கணக்கு.

1. தேதி கிடைத்ததும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

எந்த விமானத்தின் சிமுலேட்டர், எந்த வகை என்பது முதல் கேள்வி. 737-800 என்று நினைத்துப் படித்துவிட்டுப் போய், அங்கே 737 மேக்ஸ் நின்றால் என்1 (என்ஜினின் முன் விசிறி சுழலும் வேகம், சதவீதத்தில்) எண்கள் எல்லாம் மாறிவிடும். என்ஜினே வேறு.

இரண்டாவது, எடை. கிலோவிலா பவுண்டிலா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 5 டன் கூடினால் அதே வேகத்துக்குப் பிட்ச் சுமார் அரை டிகிரி கூடும், என்1 ஒன்றிரண்டு சதவீதம் கூடும். சிறிய வித்தியாசம்தான், ஆனால் தெரிந்து போனால் அங்கே குழப்பம் இல்லை.

மூன்றாவது, ஃபிளைட் டைரக்டர் இருக்குமா என்பது. சில இடங்களில் பாதி நேரம் இருக்கும், ஐஎல்எஸ் வரும்போது அணைத்துவிடுவார்கள். இல்லை என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். இருந்தால் லாபம்.

இவற்றைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். பெரும்பாலான இடங்களில் தேர்வின் வரிசையை முன்கூட்டியே ஒரு பக்கத் தாளாகக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்தால் அதில் எழுதியுள்ள வேகங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். என் எண்கள் அதற்குப் பிறகுதான்.

2. எண்ணை மனப்பாடம் செய்யும் முன் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

பிட்ச் என்பது இரண்டு கோணங்களின் கூட்டல். காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் ஒன்று, விமானம் போகும் பாதையின் கோணம் இன்னொன்று. லெவலாகப் பறக்கும்போது பாதையின் கோணம் பூஜ்யம். அதனால் கருவியில் தெரியும் பிட்ச் முழுவதும் இறக்கைக் கோணம்தான்.

இது புரிந்துவிட்டால் பாதி எண்களை மனப்பாடம் செய்யவே வேண்டாம். 210 நாட்டில் லெவலாகப் பறக்க 6 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் 3 டிகிரி பாதையில் இறங்க வேண்டுமானால் பிட்ச் 3. அவ்வளவுதான். ஏறுவதற்கும் இதே கணக்குதான், கழிப்பதற்குப் பதில் கூட்டுவீர்கள்.

அடுத்தது 60-க்கு 1 என்ற கணக்கு. 60 மைல் (கடல் மைல்) தூரத்தில் 1 டிகிரி விலகினால் 1 மைல் விலகியிருப்பீர்கள். அப்படியென்றால் 1 மைலில் 1 டிகிரிக்குச் சுமார் 100 அடி. 240 நாட்டில் நிமிடத்துக்கு 4 மைல் போகிறோம், ஆகவே 1 டிகிரி பிட்ச் மாற்றம் நிமிடத்துக்கு 400 அடி ஏற்றமோ இறக்கமோ தரும். 180 நாட்டில் 300 அடி. இறுதி இறக்கத்தில் 140 நாட்டில் 230 அடி.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் பெரிது. லெவலாகப் போகும்போது விஎஸ்ஐ (ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 200 அடி இறக்கம் காட்டினால், 240 நாட்டில் வேண்டிய திருத்தம் அரை டிகிரி. புதியவர்கள் 2 டிகிரி இழுப்பார்கள். அது 800 அடி மாற்றம். ஊஞ்சல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

3. ஒரே ஒரு அட்டை எழுதுங்கள்

உள்ளங்கை அளவு அட்டை போதும். கீழே உள்ளவை தொடக்க எண்கள். ஃபிளாப் என்பது மெதுவாகப் பறக்க இறக்கையிலிருந்து இறக்கும் மடல், கியர் என்பது சக்கரங்கள், கிளைட்ஸ்லோப் என்பது ஐஎல்எஸ் காட்டும் இறங்கு சரிவு, விரெஃப் என்பது தரையிறங்குவதற்கான அடிப்படை வேகம். உங்கள் சிமுலேட்டரில் பிட்ச் அரை டிகிரி, என்1 இரண்டு மூன்று சதவீதம் தள்ளி இருக்கலாம்.

லெவல், 250 நாட், ஃபிளாப் இல்லை: பிட்ச் 4, என்1 61
லெவல், 210 நாட், ஃபிளாப் இல்லை: பிட்ச் 6, என்1 56
லெவல், 190 நாட், ஃபிளாப் 1: பிட்ச் 6, என்1 58
லெவல், 175 நாட், ஃபிளாப் 5: பிட்ச் 6.5, என்1 60
லெவல், 155 நாட், கியர் கீழே, ஃபிளாப் 15: பிட்ச் 7, என்1 68
கிளைட்ஸ்லோப்பில், விரெஃப் கூட்டல் 5, ஃபிளாப் 30: பிட்ச் 2.5, என்1 55
அதே இறக்கம், ஃபிளாப் 40: பிட்ச் 1, என்1 60
250 நாட்டில் ஏற்றம், கிளைம்ப் பவர்: பிட்ச் சுமார் 10

210 நாட்டிலிருந்து கீழே, ஃபிளாப் இல்லை, 1, 5 என்ற மூன்றிலும் பிட்ச் 6-ஐ ஒட்டியே இருப்பதைக் கவனியுங்கள். வேகம் குறையும்போது இறக்கைக் கோணம் கூட வேண்டும், ஆனால் ஃபிளாப் அதை ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே வேகம் குறைக்கும் பகுதி முழுவதும் மூக்கு 6-ல் நிற்க வேண்டும், பவர் மட்டும் மெல்ல ஏறும். இதைப் புரிந்துகொண்டவருக்கு அந்தப் பகுதி மிக எளிது.

பிஎஃப்டி (விமானிக்கு நேர் முன்னாலுள்ள முதன்மைத் திரை) திரையில் பிட்ச் கோடுகள் 2.5 டிகிரி இடைவெளியில் இருக்கும். அடிவானத்துக்கு மேலே முதல் சின்னக் கோடு 2.5, அதற்கு மேல் சற்று நீண்ட கோடு 5, அடுத்த சின்னக் கோடு 7.5, பிறகு எண் எழுதிய 10. எண்ணாக நினைக்காமல் படமாக நினையுங்கள். இறுதி இறக்கம் என்றால் முதல் சின்னக் கோடு. 210 நாட் என்றால் 5-ஆம் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. பதற்றத்தில் எண் மறந்துபோகும், படம் மறப்பதில்லை.

அட்டையில் இதற்கு மேல் எழுதாதீர்கள். இணையத்தில் முப்பது வரிசை கொண்ட அட்டவணைகள் கிடைக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்து வந்தவர்கள், தேவையான நேரத்தில் எந்த வரிசை என்று தேடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

4. நாற்காலியில் உட்கார்ந்து பழகுங்கள்

737 காக்பிட்டின் படத்தை ஏறத்தாழ உண்மையான அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். வலது இருக்கையில் உட்காரப் போகிறீர்கள் என்றால் இடது கை லீவரில், வலது கை யோக்கில். இது சாதாரண விஷயமாகத் தெரியும். சிறிய பயிற்சி விமானத்தில் இடது பக்கமே உட்கார்ந்து பழகியவருக்குக் கை மாறுவது பெரிய மாற்றம்.

பிறகு முழுத் தேர்வையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கையை அசையுங்கள். லீவரோடு சொல்லும் எண் என்1 சதவீதம். "250-லிருந்து 210. லீவர் 45. மூக்கு மெல்ல 6. டிரிம். 215 வந்தது, லீவர் 56." ஒரு முறைக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஒரு வாரம், நாளுக்கு இரண்டு முறை.

வாயால் சொல்வது ஏன் முக்கியம்? வரிசையில் எங்கே தட்டுகிறீர்கள் என்பது மௌனமாகச் செய்யும்போது தெரியாது. வாய் நிற்கும் இடம்தான் உங்களுக்குத் தெரியாத இடம்.

வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் விளையாட்டு இருந்தால் ஸ்கேன் (கருவிகள் மேல் கண்ணை ஓட்டுவது) பழக நல்லது. ஆனால் அதிலிருந்து எண்களை எடுக்காதீர்கள். ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகக் காட்டும்.

5. உட்கார்ந்ததும் முதலில் டிரிம்

மாற்றத்துக்கான வரிசை எப்போதும் இதுதான். முதலில் மூக்கு, அப்புறம் பவர், அப்புறம் டிரிம். லெவலில் வேகம் குறைக்கும்போதும், லெவலிலிருந்து இறக்கத்துக்குப் போகும்போதும் மட்டும் பவர் முதலில் குறையும், அப்புறம் மூக்கு, அப்புறம் டிரிம். இறக்கத்தில் இப்படிச் செய்யாவிட்டால் மூக்கு கீழே போன உடனே வேகம் எகிறும்.

737-ல் கையால் ஓட்டும்போது டிரிம் உங்கள் வேலை. வேகம் மாறினால் டிரிம், ஃபிளாப் மாறினால் டிரிம், பவர் மாறினால் டிரிம். வேகத்தைப் பொறுத்து ஸ்பீட் டிரிம் என்ற அமைப்பு தானாகவும் கொஞ்சம் சுற்றும், அதன் சத்தத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

ஒரு நாள் ஒரு தம்பி 210 நாட்டில் லெவலாகப் போய்க்கொண்டிருந்தார். உயரம் சரியாக இருந்தது, வேகமும் சரி. ஆனால் யோக்கைப் பிடித்த விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"தம்பி, யோக்கிலிருந்து கையை எடு" என்றேன்.

"எடுத்தா மூக்கு கீழ போயிடும்ணா."

"போகட்டும். எவ்வளவு போகுதுன்னு பார்ப்போம்."

எடுத்தார். சில விநாடிகளில் மூக்கு 6-லிருந்து 1-க்கு வந்துவிட்டது. அதுவரை அந்த ஐந்து டிகிரியைத் தன் கை பலத்தால் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். இடையில் ரேடியோ அலைவரிசையை மாற்றச் சொல்லியிருந்தால் விமானம் இறங்கியிருக்கும். அதன்பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் இரண்டு விநாடி பிடியைத் தளர்த்திப் பார்க்கச் சொன்னேன். அடுத்த அரை மணி நேரத்தில் அவருடைய ஓட்டமே மாறிவிட்டது.

டிரிம்மைக் கொண்டு விமானத்தை ஓட்டாதீர்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. முதலில் யோக்கால் மூக்கை வைக்க வேண்டிய இடத்தில் வையுங்கள், பிடியுங்கள், பிறகு கையில் உள்ள பாரம் போகும்வரை டிரிம் சுவிட்சைச் சிறு சிறு தட்டலாகத் தட்டுங்கள்.

6. டேக் ஆஃப், ஏற்றம், சமன்

ரொட்டேட் செய்யும்போது விநாடிக்கு 2 முதல் 3 டிகிரி வேகத்தில் மூக்கை உயர்த்தி 15-க்குக் கொண்டு வாருங்கள். அவசரப்பட்டு இழுத்தால் 737-800-ன் வால் ஓடுபாதையில் இடிக்கும். சக்கரம் தரையில் இருக்கும்போது அதற்கு 11 டிகிரி போதும். நிதானமாக இழுத்தால் 8, 9 டிகிரியிலேயே விமானம் தரையை விட்டுவிடும், வால் தப்பிவிடும்.

வேகம் கூட்டும் உயரம் வந்ததும் மூக்கை 10-க்கு இறக்கி, கிளைம்ப் பவர் வைத்து, வேகம் கூடக் கூட ஃபிளாப்பை ஏற்றுங்கள்.

லெவல் ஆகும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஏற்ற வேகத்தில் பத்தில் ஒரு பங்கு அடி முன்னாலேயே தொடங்குங்கள். நிமிடத்துக்கு 2,500 அடி ஏறினால் 250 அடி முன்னால். மூக்கை 10-லிருந்து 4-க்கு மெல்ல இறக்குங்கள், 250 நாட் வந்ததும் லீவரை 61-க்குக் கொண்டு வாருங்கள்.

அந்த இரண்டாவது பாதியைத்தான் மறந்துவிடுவார்கள். உயரம் அழகாகப் பிடித்த மகிழ்ச்சியில் லீவர் 90-ஐ ஒட்டியே நிற்கும். நிமிர்ந்து பார்த்தால் வேகம் 290. 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வரம்பைத் தாண்டியதைத் தேர்வாளர் குறித்துக்கொண்டிருப்பார். "லெவல்" என்று வாயில் வந்தாலே கை லீவருக்குப் போக வேண்டும், இதை நாற்காலியிலேயே பழக்கிவிடுங்கள்.

லீவர் இருக்கும் இடத்தைப் பார்த்துப் பவர் வைக்காதீர்கள். இரண்டு லீவரும் ஒரே கோட்டில் இருந்தாலும் இரண்டு என்ஜினும் ஒரே என்1 காட்டாமல் போகலாம். கை உத்தேசமாக வைக்கட்டும், கண் என்1-ஐ ஒரு முறை பார்த்துச் சரிசெய்யட்டும், உடனே பிட்ச்சுக்குத் திரும்பட்டும். என்1 முள் நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தால் மூக்கு எங்கேயோ போயிருக்கும்.

7. ஸ்டீப் டர்ன்

ஸ்டீப் டர்ன் என்பது 45 டிகிரி சாய்ந்து திரும்புவது. அந்தச் சாய்வில் விமானத்தின் எடை 1.41 மடங்காக இறக்கைக்குத் தெரியும். அதனால்தான் பிட்ச்சும் பவரும் கூட்ட வேண்டியிருக்கிறது.

தொடங்கும் முன் 250 நாட்டில், 4 டிகிரியில், கையை விட்டாலும் நிற்கும் அளவுக்கு டிரிம் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் "ஒரு நிமிடம், நிலைப்படுத்திக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

30 டிகிரி சாய்வைத் தாண்டும்போது பிட்ச்சை 2.5 கூட்டி 6.5-க்கும், என்1-ஐ 6 அல்லது 7 கூட்டி 68-ஐ ஒட்டியும் கொண்டு வாருங்கள். முன்பே கூட்டினால் ஏறும், தாமதித்தால் இறங்கும். வெளியே வரும்போது வேண்டிய ஹெட்டிங்குக்கு (மூக்கு நோக்கும் திசைக்கு) 15 முதல் 20 டிகிரி முன்னால் தொடங்கி, 30-ஐத் தாண்டும்போது கூட்டியதை எல்லாம் திருப்பி எடுங்கள்.

உயரம் இறங்குவதைப் பார்த்தால் முதலில் சாய்வைப் பாருங்கள். பெரும்பாலும் அது 50-க்குப் போயிருக்கும். சாய்வைக் குறைக்காமல் யோக்கை மட்டும் இழுத்தால் வட்டம்தான் இறுகும், உயரம் வராது. டர்னுக்குள் நான் டிரிம் தொடுவதில்லை. சிலர் இரண்டு தட்டல் தட்டுவார்கள், அது அவரவர் வழக்கம். தட்டினால் வெளியே வரும்போது மூக்கு எம்பும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

8. வேகம் குறைத்து ஃபிளாப் இறக்குவது

தேர்வின் முடிவு பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். இங்கே ஒழுங்காக வந்தவர் ஐஎல்எஸ்ஸையும் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறார்.

முதல் விதி, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். டர்னில் இருக்கும்போது ஃபிளாப் மாற்ற வேண்டாம், இறங்கிக்கொண்டே வேகம் குறைக்க வேண்டாம். 737 வழுக்கலான விமானம். லெவலில் லீவரை முழுவதும் இழுத்தாலும் வேகம் விநாடிக்கு ஒரு நாட் அளவில்தான் குறையும். இறங்கிக்கொண்டே என்றால் அதுவும் குறையாது. 250-லிருந்து 210-க்கு வர 40 விநாடி, அதற்குள் இரண்டரை மைலுக்கு மேல் போய்விடும். அதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

இரண்டாவது விதி, இப்போதுள்ள ஃபிளாப்புக்கு உரிய வேகத்துக்கு வந்ததும்தான் அடுத்த ஃபிளாப்பைக் கேளுங்கள். ஃபிளாப் 1-க்கும் 5-க்கும் வேக வரம்பு 250 நாட்தான். ஆனால் வரம்பை ஒட்டி இறக்கினால் விமானம் பலூன் மாதிரி மேலே எம்பும், உயரம் போய்விடும். ஃபிளாப் இல்லாத வேகம் விரெஃப் 40 கூட்டல் 70, ஃபிளாப் 1-க்குக் கூட்டல் 50, ஃபிளாப் 5-க்குக் கூட்டல் 30, ஃபிளாப் 15-க்குக் கூட்டல் 20. 60 டன்னில் என் அட்டையில் உள்ள வேகங்கள் இவற்றுக்குச் சற்று மேலேயே இருக்கும்.

செய்முறை இப்படி. லீவரை 45-க்கு இழுங்கள். மூக்கு தொங்கப் பார்க்கும், பிடித்து மெல்ல 4-லிருந்து 6-க்கு ஏற்றுங்கள், டிரிம் பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். 215 வந்ததும் லீவர் 56. ஐந்து நாட் முன்னாலேயே வைப்பதற்குக் காரணம், என்ஜின் சுழன்று ஏற ஒன்றிரண்டு விநாடி எடுக்கும், அதற்குள் வேகம் இறங்கி இலக்குக்கு வந்துவிடும். 210-ல் நின்றதா, "ஃபிளாப் 1" என்று கேளுங்கள். பவரைத் தொடாமல் விட்டாலே ஃபிளாப்பின் இழுவை வேகத்தை 190-ஐ நோக்கிக் குறைக்கும். 195-ல் லீவர் 58. பிறகு "ஃபிளாப் 5", 180-ல் லீவர் 60.

பாருங்கள், முதல் முறை லீவரை இழுத்த பிறகு மறுபடி இழுக்கவே இல்லை. ஒவ்வொரு படியிலும் இரண்டு சதவீதம் கூட்டுகிறோம், அவ்வளவுதான். ஃபிளாப் இறக்கியதும் பயந்துபோய் லீவரை 75-க்குத் தள்ளுவதும், பிறகு 40-க்கு இழுப்பதும் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

9. ஐஎல்எஸ்

லோக்கலைசருக்கு (ஓடுபாதையின் நேர்க்கோட்டைக் காட்டும் ஐஎல்எஸ் சமிக்ஞைக்கு) ஃபிளாப் 5, 175 நாட், பிட்ச் 6.5, என்1 60 என்று செட்டாகி, டிரிம் ஆகி வாருங்கள். லோக்கலைசர் பிடித்ததும் ஓடுபாதையின் திசையையும் டிராக்கையும் (தரைமேல் விமானம் உண்மையில் போகும் திசை) ஒப்பிட்டு, காற்றுக்குத் தக்க ஹெட்டிங்கைக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்த ஹெட்டிங்கை வாயால் சொல்லுங்கள். அதுதான் இனி நீங்கள் திரும்பி வர வேண்டிய வீடு. திருத்தம் 5 டிகிரிக்கு மேல் வேண்டாம், 1,000 அடிக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி போதும்.

கிளைட்ஸ்லோப் காட்டி ஒரு டாட் (அளவுப் புள்ளி) மேலே இருக்கும்போது கியர், ஃபிளாப் 15. கிளைட்ஸ்லோப் நடுவுக்கு வரும்போது பவரைக் குறைத்து, மூக்கை இறக்கத் தொடங்குங்கள். பிறகு ஃபிளாப் 30, விரெஃப் கூட்டல் 5 வேகத்துக்கு ஐந்து நாட் முன்னால் லீவர் 55, மூக்கு முதல் சின்னக் கோட்டில். லேண்டிங் செக்லிஸ்ட்.

மூக்கு 6.5-லிருந்து 2.5-க்கு வருவது பெரிய மாற்றம் மாதிரி தெரியும். ஆனால் அதில் மூன்று டிகிரி கிளைட்ஸ்லோப்பின் சரிவுதான், மிச்சம் ஒரு டிகிரிதான் ஃபிளாப்பும் வேகமும் சேர்ந்து செய்வது. இதை அறிந்தவர் ஃபிளாப் 30 வரும்வரை காத்திருக்க மாட்டார், கிளைட்ஸ்லோப் நடுவுக்கு வந்த உடனே மூக்கை இறக்கிவிடுவார். அறியாதவர் மூக்கை அங்கேயே வைத்துக்கொண்டு கிளைட்ஸ்லோப்புக்கு மேலே போய்விடுவார்.

சரியாக இறங்குகிறீர்களா என்று பார்க்க, தரை வேகத்தை 5-ஆல் பெருக்குங்கள். 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. எதிர்காற்று 20 நாட் இருந்தால் தரை வேகம் 120, இறக்கம் 600. அப்போது காற்றில் நீங்கள் இறங்கும் சரிவு குறைவு. அதனால் பிட்ச் அரை டிகிரி கூடும், 55 போதாது, 58 கேட்கும். எண் தப்பு என்று நினைக்காதீர்கள், காற்று மாறியிருக்கிறது.

கிளைட்ஸ்லோப்புக்கு அரை டாட் மேலே இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூக்கை 2.5-லிருந்து 2-க்கு இறக்குங்கள். இறக்கம் 120 அடி கூடும், அது போதும். நடுவுக்கு வந்ததும் திரும்ப 2.5. இந்தத் திரும்ப வருவதைத்தான் பலர் செய்வதில்லை. திருத்திய பிட்ச்சிலேயே இருந்து மறுபக்கம் கீழே போய்விடுகிறார்கள்.

வேகத்துக்கும் இதே முறை. ஐந்து நாட் குறைவென்றால் 55-ஐ 58 ஆக்குங்கள், வேகம் வந்ததும் 56. ஒருவர் ஓட்டியதை நான் குறித்து வைத்தேன், 55 தேவைப்பட்ட இடத்தில் அவருடைய என்1 48, 63, 50, 61, 47 என்று போய்க்கொண்டிருந்தது. சராசரி எடுத்தால் கிட்டத்தட்ட 54! விமானம் கேட்டது அதைத்தான். அவர் 55-ல் வைத்துக் கையை எடுத்திருந்தால் போதும்.

1,000 அடியில் வேகம், பாதை, ஃபிளாப், கியர், பவர் எல்லாம் ஒழுங்காக நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கோ அரவுண்ட் (தரையிறங்காமல் மறுபடி மேலே ஏறுவது) போங்கள். அதற்காக மதிப்பெண் குறையாது. தொடர்ந்து இறங்கினால்தான் குறையும்.

10. கோ அரவுண்ட்

கோ அரவுண்ட் பவர், ஃபிளாப் 15, மூக்கு 15. ஏற்றம் உறுதியானதும் கியர் மேலே. மூக்கு 2.5-லிருந்து 15-க்குப் போகும், அதே நேரம் பவர் மூக்கைத் தானே தூக்கும். அதனால் கை முதலில் இழுக்கும், அடுத்த விநாடியே அழுத்த வேண்டியிருக்கும். டிரிம் முன்னால் நிறைய கேட்கும்.

மிஸ்ட் அப்ரோச் உயரம் (கோ அரவுண்டில் ஏறி நிற்க வேண்டிய உயரம்) 3,000 அடி என்றால், இலேசான விமானம் ஒரு நிமிடத்துக்குள் அங்கே போய்விடும். ஏறத் தொடங்கிய உடனே "எங்கே நிற்க வேண்டும்" என்று பக்கத்து இருக்கையைக் கேளுங்கள், 300 அடி முன்னாலேயே மூக்கை இறக்குங்கள், லீவரை இழுங்கள்.

11. வேகமானியை நம்ப முடியாதபோது

சில இடங்களில் இதையும் கொடுத்துப் பார்ப்பார்கள். இது மனப்பாடமாகச் செய்ய வேண்டிய வரிசை. 737 என்ஜி-யில் (737-800 சேர்ந்த தலைமுறை) ஆட்டோபைலட், ஆட்டோத்ராட்டில் விலக்கி, இரண்டு ஃபிளைட் டைரக்டரையும் அணைத்து, ஃபிளாப் வெளியே இருந்தால் 10 டிகிரியும் 80 சதவீத என்1-உம், ஃபிளாப் உள்ளே இருந்தால் 4 டிகிரியும் 75 சதவீதமும் வையுங்கள்.

இவற்றில் பவர் அட்டையில் உள்ளதைவிட அதிகமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எந்த எடையிலும் எந்த உயரத்திலும் விமானம் ஸ்டால் ஆகாமலும் (இறக்கை தூக்கும் விசையை இழக்காமலும்) அளவு மீறி வேகம் பிடிக்காமலும் இருக்க, செக்லிஸ்ட்டைத் திறக்கும்வரை நேரம் வாங்கித் தரும் எண்கள் இவை. லெவலாக நிற்பதற்கானவை அல்ல. ஆகவே உயரம் கொஞ்சம் ஏறினால் பதற வேண்டாம்.

2009-ல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-ல் பிட்டோ குழாய்கள் (வேகத்தை அளக்கும் குழாய்கள்) உறைந்து வேகம் தெரியாமல் போனது. அதற்குச் சற்று முன்வரை எந்தப் பிட்ச்சிலும் பவரிலும் அமைதியாகப் பறந்ததோ, அதிலேயே வைத்திருந்தால் விமானம் பறந்துகொண்டே இருந்திருக்கும். இந்தப் பயிற்சியைத் தேர்வுக்கான வித்தை என்று மட்டும் எண்ணாதீர்கள்.

12. பக்கத்தில் இருப்பவரைப் பயன்படுத்துங்கள்

பெரும்பாலும் இருவரை ஒன்றாக அழைப்பார்கள், ஒருவர் ஓட்ட மற்றவர் கண்காணிப்பார், பிறகு மாற்றிக்கொள்வார்கள். உள்ளே போகும் முன் அவரிடம் சொல்லுங்கள்: "வேகம் 5 நாட் விலகினாலோ, உயரம் 100 அடி விலகினாலோ சொல்லுங்கள்." நீங்களும் அவருக்கு அதையே செய்யுங்கள். போட்டியாளர் என்று நினைத்து மௌனமாக இருப்பவரைத் தேர்வாளர் உடனே கவனித்துவிடுவார்.

அவர் முதலில் ஓட்டினால் உங்களுக்கு இன்னொரு வசதி. அவர் லெவலாக நிலையாகப் போகும்போது என்1 எவ்வளவு என்று பாருங்கள். 210 நாட்டில் 56-க்குப் பதில் 58 காட்டினால், உங்கள் அட்டையின் எல்லா எண்ணுக்கும் மனதில் இரண்டு கூட்டிக்கொள்ளுங்கள்.

13. ஏர்பஸ் ஏ320 என்றால் மாறுபவை

முறை இதேதான், எண்கள் வேறு. நார்மல் லாவில் (கட்டுப்பாட்டுக் கணினிகள் வழக்கம்போல் இயங்கும் நிலையில்) டிரிம் தானாக நடக்கும். அதனால் ஐந்தாம் பகுதி தேவைப்படாது. ஆனால் சைட்ஸ்டிக்கை (யோக்குக்குப் பதிலான பக்கக் கைப்பிடி) விட்டால் விமானம் விட்ட பாதையிலேயே போகும், அதைப் பிடித்துக் கலக்கிக்கொண்டே இருப்பதுதான் அங்கே பொதுவான தவறு. சிறு அசைவு, விடுதல், பார்த்தல்.

வேகம் நம்ப முடியாத நிலைக்கு அங்கே மூன்று எண்கள். த்ரஸ்ட் குறைக்கும் உயரத்துக்குக் கீழே 15 டிகிரி, டோகா பவர் (டேக் ஆஃப், கோ அரவுண்டுக்கான பவர்). அதற்கு மேல் 10,000 அடி வரை 10 டிகிரி, கிளைம்ப் பவர். அதற்கும் மேல் 5 டிகிரி, கிளைம்ப் பவர்.

14. பயிற்சி முடிந்து வெளியே வந்ததும்

தேர்வுக்கு முன் ஒரு மணி நேரமாவது அதே வகை சிமுலேட்டரை வாடகைக்கு எடுக்க முடிந்தால் எடுங்கள். முதல் பதினைந்து நிமிடம் ஐஎல்எஸ் கேட்காதீர்கள். 250, 210, ஃபிளாப் 1, ஃபிளாப் 5 என்று ஒவ்வொன்றிலும் நிலையாக நிறுத்தி, அங்கே காட்டும் பிட்ச்சையும் என்1-ஐயும் பக்கத்தில் இருப்பவரை எழுதச் சொல்லுங்கள். வெளியே வந்து காபி குடிக்கும் முன்பே என் எண்களை அடித்துவிட்டு அந்த எண்களை அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை நாற்காலிப் பயிற்சியைப் புது எண்களோடு தொடங்குங்கள்.